யார் எழுதினால் நமக்கென்ன?

"அம்மா, நாலு லட்சத்தத் தாண்டிருச்சு" என்றார் வரிசைக்காரர்.

திங்கட்கிழமை காலை மணி பத்தரை. இணையச் சேவை நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், குளிரூட்டியின் இரைச்சலுக்கு நடுவே, மின்னஞ்சல் பிரிவின் ஒன்பது பேரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றனர். போய்ச் சேராமல் காத்துக் கிடக்கும் கடிதங்களின் எண்ணிக்கை அத்திரையில் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சொல்வதே வேலையாகிவிட்டமையால் அம்மனிதருக்கு வரிசைக்காரர் என்று பெயர். பிரிவின் தலைவிக்குப் பெற்றோர் வைத்த பெயரை அலுவலகம் என்றோ மறந்துவிட்டது. எல்லாருக்கும் அவர் அஞ்சலம்மா.

"சனிக்கிழமையிலேருந்தே ஏறுது. கெழவனால முடியலம்மா."

கிழவன் என்பது பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே கடிதங்களைச் சுமந்துவந்த மென்பொருள். வாங்குவது, பிரிப்பது, கொண்டுபோய்ச் சேர்ப்பது ஆகிய அனைத்தையும் தானே செய்வேன் என்று அடம்பிடிக்கும் பிறவி. ஒன்றில் தடுக்கினால் எல்லாம் நின்றுபோகும்.

"ஒரே நேரத்துல இருநூறு கடிதங்கிற வரம்ப நானூறாக்குங்க" என்றார் அஞ்சலம்மா.

ஆக்கினார்கள். பிற்பகலுக்குள் வரிசை ஏழு லட்சமாயிற்று.

இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். அவருடைய மேசைமேல் வழவழப்பான விளம்பர ஏடு ஒன்று விரிந்திருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள புது சாஃப்ட்வேர் ஓடணும். இல்லேன்னா மெயில் வேலைய வெளிக் கம்பெனிக்குக் குடுத்துருவேன். நீங்க ஒன்பது பேரும் வேற எடம் பாக்க வேண்டியதுதான்." ஏட்டைத் தட்டிக் காட்டினார். "இதையே எடுத்துக்கங்களேன். பீரங்கி மாதிரி இருக்கு!"

அஞ்சலம்மா ஏட்டைப் புரட்டினார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது.

"இது கடிதத்த டிஸ்க்குல எழுதி வைக்கறதுக்கு முன்னாடியே 'கெடைச்சிருச்சு'ன்னு பதில் சொல்லுது சார். நடுவுல கரண்டு போனா?"

"போகாது."

"போனா?"

"கொஞ்சம் கடிதம் காணாமப் போகும். கோடியில நூறு இருக்குமா?"

"அந்த நூறுல ஒண்ணு, யாருக்காவது வேலை கெடைச்ச கடிதமா இருந்தா? வாங்காமலே வாங்கிட்டேன்னு சொல்றதுக்குப் பேரு வேகமில்ல சார், பொய். பொய் சொல்ற சாஃப்ட்வேர் என் மெஷின்ல ஏறாது."

"அப்ப எதுதான் ஏறும்? வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கட்டும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? வியாழக்கிழமையே காட்டுறேன்!"

சொல்லிவிட்டு வெளியே வந்தபிறகுதான், வியாழனுக்கு எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினார்.

சனிக்கிழமையிலிருந்து வரிசையோடு மல்லுக்கட்டியதில் தம் சொந்தக் கடிதப் பெட்டியைக்கூட அவர் திறந்து பார்க்கவில்லை. வீட்டிலும் நிலைமை சரியில்லை. அவருடைய கணவர் பல் மருத்துவர். ஊரார் வாயையெல்லாம் நாள்முழுதும் திறக்கவைப்பவர், சனிக்கிழமையிலிருந்து தம் வாயை மட்டும் இறுக மூடியிருந்தார்.

"என்னங்க கோபம்? சொன்னாத்தானே தெரியும்?"

"எழுதிக் கேட்டேன். எழுத்துலயே பதில் வந்துருச்சு. போதும்."

"என்ன பதில்?"

செய்தித்தாள் மருத்துவரின் முகத்துக்கு நேரே உயர்ந்தது. அதற்குள் அஞ்சலம்மாவின் கைப்பேசி அலறியது. மறுமுனையில் வரிசைக்காரர். எட்டு லட்சம்.

செவ்வாய்க்கிழமை, கிழவனை இறக்கிவிட்டுக் குதிரையை ஏற்றினார்கள். இது வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த மென்பொருள். இரண்டு மணி நேரத்தில் வரிசை முழுவதும் கரைந்தது. ஒன்பது பேரும் கைதட்டினர். வரிசைக்காரர் சொல்வதற்கு எண் இல்லாமல், முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்து அமர்ந்தார்.

மறுநாள் காலை மீண்டும் எழுந்து நின்றார்.

"அம்மா, எப்பவும் நாளைக்கு இருபது லட்சம்தானே வரும்? நேத்து முப்பத்தஞ்சு! இப்ப குதிரைக்கே மூச்சு வாங்குது."

இயக்குநர் தாமே மாடியேறி வந்துவிட்டார்.

"திடீர்னு யாரு இவ்வளவு எழுதறாங்க? பதிவேட்டத் தொறந்து பாருங்க."

அஞ்சலம்மா கதவுக்கு மேலே கைகாட்டினார். யார் யாருக்கு எழுதினார் என்னும் பதிவேட்டை, உரியவர் கையெழுத்திட்டுக் கேட்டாலன்றி எவரும் திறக்கலாகாது என்று அங்கே ஒரு பலகை தொங்கியது. விதியை இயற்றியவரும் அவரே, பலகையை மாட்டியவரும் அவரே.

"யார் எழுதினா நமக்கென்ன சார்? கொண்டுபோய்ச் சேக்கறதுதான் நம்ம வேலை."

"ஒரே ஒரு தடவ எட்டிப் பாத்தா என்ன கொறைஞ்சுபோகும்?"

"சரி. உங்க பெட்டியிலேருந்து ஆரம்பிக்கட்டுமா?"

இயக்குநர் இருமினார். பிறகு குளிரூட்டி சரியாக ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அன்று பகலிலேயே எறும்பு என்னும் மூன்றாவது மென்பொருள் வந்தது. அதற்குப் படமில்லை, வண்ணமில்லை, விளம்பர ஏடும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னஞ்சிறு நிரல். ஒன்று தடுக்கி விழுந்தாலும் மற்றவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கடிதத்தை வட்டில் பத்திரமாக எழுதி முடித்த பிறகே 'கிடைத்தது' என்று சொல்லும். ஆறு இயந்திரங்களில் அதை ஏற்றியபின், இயக்குநரைக் கூப்பிட்டு நிறுத்திவைத்துக்கொண்டு, அஞ்சலம்மா ஓடும் இயந்திரமொன்றின் மின்கம்பியைப் பட்டென்று பிடுங்கினார்.

"ஐயோ! என்னம்மா பண்றீங்க?"

"கரண்டு போகாதுன்னீங்களே, போயிருச்சு பாருங்க."

கம்பியைத் திரும்பச் செருகி எண்ணிப் பார்த்தார்கள். ஒரு கடிதம்கூடக் குறையவில்லை. இயக்குநர் தம் விளம்பர ஏட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வரிசை வெறுமையாக இருந்தது. ஆனால் வந்துபோன கடிதங்களைக் காட்டும் எண்ணைப் பார்த்தவுடன் வரிசைக்காரருக்கு வியர்த்தது.

"அம்மா, இன்னிக்கு இதுக்குள்ளயே நாப்பத்தஞ்சு லட்சம். நாம வேகமாக் கொண்டுபோகப் போக, அவங்களும் வேகமா எழுதறாங்க!"

"நம்பிக்கை வந்தா ஜனங்க மனசு விட்டு எழுதத்தான் செய்வாங்க."

"மனசு விடறாங்க, சரி. டிஸ்க்கு சாயங்காலத்துக்குள்ள நெறஞ்சிருமே!"

இயக்குநர் கையில் ஒப்புதல் தாளோடும் திறந்த பேனாவோடும் வந்து நின்றார்.

"சாஃப்ட்வேர் அருமை, ஒத்துக்கறேன். ஆனா இன்னிக்கு நாப்பத்தஞ்சு, நாளைக்குத் தொண்ணூறுன்னா எவன் தாங்குவான்? இதுல ஏதோ விஷமம் இருக்கு. யார் எழுதறாங்கன்னு சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடறேன். சொல்லலேன்னா வேலை வெளிக் கம்பெனிக்கு. முடிவாச் சொல்லிட்டேன்."

மற்ற எட்டுப் பேரின் கண்களும் அஞ்சலம்மாவின்மேல் குவிந்தன. வரிசைக்காரருக்கு ஓய்வுபெற இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன. அந்த மூன்றாண்டும் அவருடைய முகத்தில் தெரிந்தது.

"பாத்தாத்தானே சார் சொல்றதுக்கு? பாக்க மாட்டேன்." அஞ்சலம்மாவின் கழுத்து வளையவில்லை. "எங்கள நம்பித்தான் ஊரே எழுதுது. வேலைய வேணும்னா எடுத்துக்கங்க. ஊரார் கடிதத்துல கைவைக்கச் சொல்லாதீங்க."

"அம்மா, கொஞ்சம் யோசிச்சு..." என்று தொடங்கிய வரிசைக்காரர், ஒரு கணம் பலகையைப் பார்த்தார். "எதுக்கு யோசிக்கணும்? பாக்க மாட்டோம் சார்!" என்று முடித்தார்.

அவ்வேளையில் கதவு திறந்தது. கீழ்த்தளத்து முகப்பில் புகார் வாங்கும் பெண் வந்தாள். அவளுக்குப் பின்னால் பல் மருத்துவர்.

"நீங்க எங்க இங்க?" என்றார் அஞ்சலம்மா.

"நான் வாடிக்கையாளரா வந்திருக்கேன்" என்று, மனைவியை விடுத்து இயக்குநரைப் பார்த்துச் சொன்னார் மருத்துவர். "அஞ்சு நாளா ஒரு நோயாளியோட கடிதமும் கண்ணுல படல. பெட்டியத் தொறந்தாச் சுத்திக்கிட்டே இருக்கு. என்னன்னு பாக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். உங்க விதிப்படிதான்."

அஞ்சலம்மா தாளை வாங்கினார். கையெழுத்தை மேலும் கீழும் பார்த்தார். இருபது ஆண்டுகளாகப் பழகிய கிறுக்கல்தான். பலகைக்கு நேர் கீழே நிமிர்ந்து நின்று, அறை முழுவதும் கேட்கும்படிச் சொன்னார்:

"பாத்துக்கங்க சார். உரியவர் கேட்டா, அரை நிமிஷத்துல தொறப்போம். இதுதான் முறை. தொறம்மா!"

முகப்புப் பெண் அமர்ந்து தட்டினாள். திரை விரிந்தது. அவள் மருத்துவரைப் பார்த்தாள், அஞ்சலம்மாவைப் பார்த்தாள், இயக்குநர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

"ஊழியர் வீட்டுப் பெட்டிங்கறதால அளவில்லாம நெறைஞ்சிருக்கும்மா. சனிக்கிழமையிலேருந்து டாக்டருக்கு வந்தது நாப்பத்தொம்பது லட்சம். அத்தனையும் 'வேலையாக இருக்கிறேன், பிறகு எழுதுகிறேன்'னு உங்க பெட்டி தானாப் போட்ட பதில், அத்தனைக்கும் 'வலி தொடர்ந்தால் மீண்டும் எழுதவும்'னு இவரு பெட்டியும் தானாப் பதில் போட்டிருக்கு!"