பாப்கார்ன் சட்டி வாங்கப் போய் உன் அம்மாவைக் கடையில் விட்டு வந்தேன்

அன்பு மகளுக்கு,

அப்பாவின் ஆசிகள். நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? இங்கே உன் அம்மா மிக மிக நலம். நான் நலமில்லை. அவள் அவ்வளவு நலமாக இருப்பதுதான் காரணம். பதறாதே, காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றுமில்லை. அதிர்ச்சி. திறந்த வாய் இன்னும் மூடவில்லை, கை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறது.

ஆரம்பித்து வைத்தது நீ. "ரெண்டு பேரும் சாயங்காலம் சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ஒரு பாப்கார்ன் சட்டி வாங்கி வெச்சுக்கிட்டுப் படம் பாருங்களேன்" என்று போனில் சொன்னாயே, உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். மறுநாளே பாத்திரக்கடைக்குப் போனோம். கடைக்காரர் சட்டிகளை வரிசையாக எடுத்து வைத்தார். ஒன்று அலுமினியம், தூக்கினால் காகிதம் மாதிரி இருந்தது. ஒன்றுக்குக் கண்ணாடி மூடி. இன்னொன்று அடிகனமான எவர்சில்வர், மூடி மேல் ஒரு கைப்பிடி, அதைச் சுற்றினால் உள்ளே ஒரு கம்பி சோளத்தைக் கிண்டிக்கொண்டே இருக்கும். உன் அம்மா ஒவ்வொன்றையும் கவிழ்த்து, விரலை மடக்கித் தட்டி, காதருகே வைத்துக் கேட்டு, கம்பி அடியைத் தொடுகிறதா என்று உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் காலமெல்லாம் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்க் கொதிகலன் சோதித்தவன் எப்படியம்மா சும்மா இருப்பான்? "இதுல சேஃப்டி வால்வு எங்கே?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டேன். குக்கர் பார்த்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்கள், ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். கடைக்காரர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "சார், அது பாப்கார்ன் சட்டி சார், ரயில் எஞ்சின் இல்ல" என்றார்.

அப்போதுதான் உன் அம்மா, "கொஞ்சம் நகருங்க" என்றாள். யாரிடம்? என்னிடம்! கடைகளில் குடிக்கத் தண்ணீர்கூட என் வாயால் கேட்கச் சொல்கிறவள், நேராகக் கடைக்காரரைப் பார்த்து, "அண்ணே, அடுப்பைப் பத்த வைங்க, ஒரு கை சோளம் குடுங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணெய் விட்டாள், சோளத்தைப் போட்டாள், மூடிச் சுற்ற ஆரம்பித்தாள். உள்ளே படபடவென்று சத்தம் கிளம்பியது. அழுத்தம் ஏறினால் இறக்க வேண்டியதுதானே முறை? மூடியை லேசாகத் தூக்கினேன். லேசாகத்தான். சோளம் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. கடைக்காரர் தலையில், கரண்டிக் கூடையில், என் சட்டைக்குள்ளே, ஒரே பொரி மழை. உன் அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. என் கையிலிருந்து மூடியைப் பிடுங்கி மூடிச் சுற்றிக்கொண்டே, "கை நிக்காம சுத்தணும், சத்தம் அடங்குனதும் இறக்கிடணும். ஆவி போக மூடியோரமா வழி இருக்கு பாருங்க, இல்லன்னா நமுத்துப் போயிடும். இவரு பேச்சைக் கேக்காதீங்க, வீட்டுல பிளாஸ்கைத் திறக்கவே என்னைத்தான் கூப்பிடுவாரு" என்று கூட்டத்துக்கே பாடம் நடத்தினாள். கடையே சிரித்தது. எவர்சில்வர் சட்டி அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. நமக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை! "அம்மா, நாளையிலேர்ந்து கடைக்கு வந்து இதே மாதிரி செஞ்சு காட்டுறீங்களா?" என்று அந்த மனுஷன் கேட்டார். இவள் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வர்றேனே" என்றாள்.

அன்று போனவள்தான். காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். சாயங்காலம் தோள் வலிக்குது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். வலிக்குதுன்னா ஏன் சிரிக்கணும்? படம் போட்டால் பெயர் ஓடி முடிவதற்குள் தூங்கிப் போகிறாள். எனக்குக் கோபமில்லை கண்ணு, பயமா இருக்கு. வீடு வெறிச்சோடிக் கிடக்கு. நேத்து ஃபிரிட்ஜைப் பார்த்து "காபி போடட்டுமா?"ன்னு கேட்டுட்டேன், நிஜமாத்தான் சொல்றேன். அவள் இல்லாம எனக்கு ஒரு பகல்கூட ஓட மாட்டேங்குது. நீதான் போன் பண்ணி, "போதும்மா, வீட்டுல இரு"ன்னு கண்டிப்பா சொல்லணும். நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. வேளைக்குச் சாப்பிடுங்கள். அடுப்பிலிருக்கும் எந்த மூடியையும் அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தனியாக விடப்பட்ட உன் அப்பா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். உன் அம்மா சுற்றிக்கொண்டிருந்தாள், கூட்டம் வேடிக்கை பார்த்ததே தவிர ஒருவரும் வாங்கவில்லை. மனசு கேட்காமல், "ஏம்மா, வெடிச்சிடாதா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பிடித்துக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்ச, ஜனங்கள் சிரித்துச் சிரித்து ஆளுக்கொரு சட்டி வாங்கிப் போனார்கள். "சார், நீங்களும் தினமும் வந்து இப்படியே பயந்து குடுங்க" என்று கடைக்காரர் அவள் பக்கத்திலேயே எனக்கொரு நாற்காலி போட்டுவிட்டார். நாளைக் காலை இரண்டு பேரும் சேர்ந்து கிளம்புகிறோம். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால்தான் இதை அனுப்புகிறேன். தயவுசெய்து அம்மாவுக்குப் போன் பண்ணி எதையும் கெடுத்துவிடாதே. அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மூடி என் கைக்கு எட்டக் கூடாதாம்.