அவசரத்தின் சிவப்புக் கார்

அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்பே ஆற்றைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு அறைக்குத் திரும்பிய ஒரே மனிதர், மதுரை மாநகரத்திலேயே எங்கள் 'அவசரம்'தான். "எப்படியும் இறங்கத்தான போறாரு?" என்பது அவர் கட்சி.

எழுபதுகளின் கடைசியில் சிம்மக்கல்லில் ஒரு லாட்ஜில் நாங்கள் அடுத்தடுத்த அறை. பலசரக்கு மொத்தக் கடையில் பில் போடுவார். சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடுவார். சினிமாவுக்குப் போனால் இடைவேளையோடு வந்து மீதிக் கதையை என்னிடம் கேட்பார். எதையும் முழுசாக முடித்ததாகச் சரித்திரமே இல்லை.

எதிர் அறையில் அத்தர் வியாபாரி காதர் பாய். சிங்கப்பூரிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்த பிளாஸ்டிக் கார் பெட்டி ஒன்றை அவசரத்துக்குக் கொடுத்திருந்தார். உள்ளே கார் துண்டு துண்டாக இருக்கும். நாமே ஒட்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். பெட்டி பல மாதமாகக் கட்டிலடியில் கிடந்தது. திடீரென்று ஒருநாள் பாய் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்கே கிளம்பினார்.

"நீங்க ஒண்ணையாவது முடிச்சுப் பாக்கணும்னு இருந்தேன். நமக்கு அந்தக் கொடுப்பினை, நசீப் இல்ல" என்றார் சிரித்துக்கொண்டே.

அவசரத்துக்குச் சுருக்கென்றது. "சாயங்காலம் பஸ் ஏறுறதுக்குள்ள கார் ரெடியா இருக்கும் பாய்!"

கடைக்கு லீவு. போர்டு எழுதுகிறவரிடம் சிவப்பு பெயிண்ட் வாங்கிவந்து கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் தட்டித் திறந்துகொண்டு போனால் மூக்கிலும் சிவப்பு.

"என்னண்ணே, இம்புட்டு மிச்சம் கெடக்கு?"

"அதெல்லாம் ஸ்பேர் மாப்ள. பேசாம விசிறு, காயணும்!"

"ஸ்டியரிங்கையும் காணோமே?"

"நாம என்ன ஓட்டவா போறோம்?"

பஸ்ஸுக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில் கார் வெளியே வந்தது. ஒரு சக்கரம் சற்றுச் சாய்ந்திருந்தாலும் கார் கார்தான். பாய் கை நீட்டினார். லாட்ஜ் மேனேஜர் தடுத்தார்.

"புது வண்டிண்ணே! பூசை போடாம எடுக்கலாமா?"

எலுமிச்சம்பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்ததால், நான்கு திராட்சையை வைத்து ஏற்றினோம். மேனேஜர் பக்தியோடு சூடம் காட்டினார். பக்தி கொஞ்சம் கிட்டத்தில் போய்விட்டது.

"தள்ளிப் பிடிங்க!" என்று பாய் கத்துவதற்குள் காரின் முன்பாதி உருகித் தலை குனிந்தது. பாய் தன் கூஜாத் தண்ணீரைக் கொட்டி மீதியைக் காப்பாற்றினார்.

பாய் காரை மெல்ல எடுத்துத் திருப்பினார். பின்கண்ணாடி அப்படியே இருந்தது. நம்மூர் வண்டிகளில் பிள்ளைகளின் பெயர் எழுதும் அதே இடம். அவசரத்துக்குக் குடும்பம் குட்டி இல்லை. ஈர்க்குச்சியைப் பெயிண்டில் தொட்டு, முத்து முத்தாக, காதர் பாய் பெயர், என் பெயர், மேனேஜர் பெயர் மூன்றையும் எழுதியிருந்தார். அந்த மனிதருக்கு அத்தனை பொறுமை எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"முடிச்சுட்டீங்களே!" என்ற பாய், காரைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார்.

பஸ் கிளம்பியதும், வழியனுப்பப் போயிருந்த நானும் மேனேஜரும் திரும்பி நடந்தோம். கூட அவசரத்தைக் காணோம். அழகருக்கே காத்திராத மனிதர், அந்த பஸ் கண்ணுக்கு மறையும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.