பரமட்டாவின் வேல்ஸ் அண்ணை

வேல்ஸ் நாட்டுக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு தூதரகம் தேவையே இல்லை. சிட்னியின் பரமட்டாவில் எங்கள் ஆபீஸின் மூன்றாவது மாடியில், பிரிண்டருக்குப் பக்கத்து இருக்கையில் அண்ணன் உட்கார்ந்திருந்தவரை அந்த வேலை ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருந்தது.

நான் திருச்சியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த வாரம், எல்லோரும் அவரை 'வேல்ஸ்' என்று கூப்பிடுவதைக் கேட்டு, முருக பக்தர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "எந்த முருகன் கோயிலுக்குண்ணே போவீங்க?" என்று பணிவாக விசாரித்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நான் கார்டிஃப்ல படிச்சனான்."

யாழ்ப்பாணத்துக்காரர். சிட்னிக்கு வருவதற்கு முன்னால், வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்திருக்கிறார். மேல்தளத்தில் நாலு பையன்கள் ராக் குழு நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழுவின் வேல்ஷ் பெயருக்கு 'மாமியின் மழைக்கோட்டு' என்று அர்த்தமாம். பாட்டுகளும் அந்த ரகம்தான். ஒன்று, ஓட்டுநர் தேர்வில் தோற்றுப்போன செம்மறியாட்டின் புலம்பல். இன்னொன்றில், ஃபிரிட்ஜ் கதவை மூடிய பிறகு உள்ளே லைட் என்ன செய்யும் என்ற கவலையில் ஒரு போலீஸ்காரர் வேலையை விடுகிறார்.

"ஒருநாள் பொறுக்கேலாமல் மேல போய்க் கதவைத் தட்டினனான்" என்பார் அண்ணன். "சத்தத்துக்கு இல்லைத் தம்பி. சத்தம் பரவாயில்லை. ட்ரம்ஸ் அடிக்கிற பெடியன் தாளத்தை விட்டுட்டு ஓடுறான். நான் சின்னனில மிருதங்கம் பழகினனான். எப்பிடிப் பொறுக்கிறது?"

உள்ளே போய் மேஜையில் தட்டிக் காட்டினாராம். அவர்கள் தேநீர் கொடுத்தார்களாம். அதற்குப் பிறகு ஒத்திகை நடக்கும் மாலையெல்லாம் அவர் அங்கேதான். டிரம்மர் தவறும்போதெல்லாம் "தாளம் பிழை" என்று தமிழிலேயே கத்துவாராம். அவருக்குக் கோபம் ஆங்கிலத்தில் வராது.

இந்தக் கதையை ஆபீஸில் ஒருவரும் நம்பவில்லை. எனக்குப் பாதி நம்பிக்கை இருந்தது, அதுவும் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால்.

லிஃப்டில் அவரோடு மாட்டினால் தப்ப முடியாது. குழுவின் பெயரை உச்சரிக்கச் சொல்லிக்கொடுப்பார். நாக்கை மேலே ஒட்டவைத்து, இரண்டு பக்கமும் காற்றை விட வேண்டும். கறுப்பு அங்கியோடு கோர்ட்டுக்குப் புறப்பட்ட வக்கீல் ஒருவர், லிஃப்ட் கதவு திறந்ததும் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் ஊதிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, படி வழியாகவே இறங்கிப் போனார்.

பிளாக்டவுனில் என் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் பாட்டுப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தேன். பால் பொங்கியது. ஐயர் நாதஸ்வரம் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் செம்மறியாடு கத்தியது. ஐயர் கொஞ்சமும் பதறாமல், "பால் நன்னாப் பொங்கிடுத்து. ஆடு கத்தினா தோஷமில்லை" என்றார்.

"பாத்தீரோ தம்பி, ஐயருக்கே பிடிச்சிருக்கு" என்றார் அண்ணன்.

போன வருடம் அந்தக் குழு நீண்ட இடைவெளிக்குப் பிறகு புது ஆல்பம் வெளியிட்டது. கூடவே சிட்னியில் ஒரு நிகழ்ச்சியும். அண்ணன் இசைத்தட்டை வேல்ஸிலிருந்தே வரவழைக்க ஏற்பாடு செய்திருந்தார். "முதல் தரம் தட்டிலதான் கேக்கோணும்" என்பது அவர் சட்டம். ஆல்பம் வெளியாகி உலகமே கேட்டுவிட்டது, தட்டு வந்து சேரவில்லை. டீ ரூமில் யாரோ போனில் அதைப் போட, அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினார். மேனேஜர் பயந்துபோய், தீப்பிடித்துவிட்டதா என்று பின்னாலேயே ஓடினார்.

நிகழ்ச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அதுவரைக்கும் தட்டு வரவே இல்லை. அவர் மனைவி வர மறுத்துவிட்டார். "எனக்குக் காது ரெண்டும் வேணும். நீங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

கொளுத்தும் வெயில். அண்ணன் பட்டு வேட்டி கட்டி, மேலே மஞ்சள் மழைக்கோட்டு போட்டு வந்தார். ரயிலில் அவரைப் பார்த்த இரண்டு பேர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டேஷன்கள் போய்க்கொண்டே இருந்தன. வழக்கமாக வாய் ஓயாதவர் மழைக்கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார்.

"என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"இல்லைத் தம்பி. அவங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. எவ்வளவு காலம் போச்சு. நான்தான் சும்மா எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறன்."

முன் வரிசைக்குப் போகலாம் என்று இழுத்தேன். மறுத்துவிட்டு, ஹாலின் கடைசியில், பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் நின்றார். ஆட்டுக்கு எல்லோரும் கத்தினார்கள். போலீஸ்காரருக்குக் கைதட்டினார்கள். அண்ணன் மழைக்கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, குழுவின் தலை நரைத்த பாடகர் மைக்கைப் பிடித்து, புது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு இது என்றார். "கார்டிஃபில் எங்களுக்குக் கீழே ஒருவர் குடியிருந்தார். தெருவில் மற்ற எல்லோரும் எங்களை நிறுத்தச் சொன்னார்கள். அவர் ஒருவர்தான் சரியாக வாசிக்கச் சொன்னார். இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. இந்தப் பாட்டு அவருக்கு."

பாட்டு தொடங்கியது. பல்லவி வந்ததும் எனக்குப் புல்லரித்தது. "டாலம் பிளை, டாலம் பிளை" என்று நாலு வேல்ஸ்காரர்கள் உருகிப் பாட, ஹால் முழுக்க ஆஸ்திரேலியர்கள் கையை ஆட்டிக்கொண்டு சேர்ந்து பாடினார்கள். நான் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்தது, நரம்பு புடைத்தது.

"பிளை இல்லையடா, பிழை" என்று கத்தினார். "ழ. ழ."

இசை அப்படியே நின்றது. டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஒரு மொட்டைத் தலை எழுந்தது. கண்ணுக்கு மேல் கையை வைத்து இருட்டைத் துழாவியது. மறு நிமிஷம் அந்தப் பெரிய உருவம் மேடையிலிருந்து குதித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அண்ணனை மழைக்கோட்டோடு சேர்த்துத் தூக்கியது. வேட்டியை நான் பிடித்துக்கொண்டேன். யாராவது பிடிக்க வேண்டியிருந்தது.

கீழே இறங்கியதும் அண்ணன் டிரம்மரின் தோளைத் தட்டி, "இப்ப தாளம் சரியடா" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் மழைக்கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினார்.

அதற்குப் பிறகு அண்ணனை மேடையேற்றினார்கள். அத்தனை பேருக்கும் நாக்கை மடித்து ழகரம் சொல்லிக்கொடுத்து, ஓரளவு திருப்தியானபின்தான் பாட்டை மறுபடி தொடங்க விட்டார். நான் கடைசி வரிசையில் நின்று, தெரியாதவர்களிடமெல்லாம் "எங்கள் ஆபீஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவர் வருவதற்கு முன்பே நான் வீடியோவை மூன்றாவது மாடி முழுக்கக் காட்டி முடித்துவிட்டேன். மேனேஜர் எழுந்து நின்று கைகொடுத்தார். "விடும் தம்பி, இது ஒரு சின்ன விஷயம்" என்றார் அண்ணன். அவர் கையிலிருந்த போனில் அதே வீடியோ, கனடா, லண்டன், யாழ்ப்பாணம் என்று எல்லாத் திசைக்கும் போய்க்கொண்டிருந்தது.

இந்த வருடம் ஓய்வு பெற்று, மெல்பர்ன் பக்கம் கிரான்பர்னில் இருக்கும் மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டார். மெல்பர்ன்காரர்கள் லிஃப்டில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

என் காரில் அந்தப் பாட்டு ஓடும்போது, ஏறுகிறவர்கள் இது யார் பாட்டு என்று கேட்பார்கள். "எங்க அண்ணன் பாட்டு" என்று சொல்கிறேன். கூடப்பிறந்தவரா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் ஆமா என்றுதான் சொல்வதாக இருக்கிறேன்.