மெலிசா விசாரித்த மாப்பிள்ளை

நம் ஆட்கள் இரண்டே காரியங்களுக்குத்தான் ஒருவனைப் பற்றி விசாரிப்பார்கள். ஒன்று பெண் கொடுக்க, மற்றது வீடு வாடகைக்குக் கொடுக்க. வேலை கொடுப்பதற்காக யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை. திருச்சியில் வேலை தேடிய காலத்தில் பயோடேட்டாவின் அடியில், என்னை நன்கு அறிந்தவர்கள் என்று இரண்டு பெயர்களைப் போடுவேன். ஒருவர் எங்கள் கல்லூரி முதல்வர். அவருக்கு என்னைத் தெரியாது. இன்னொருவர் என் சித்தப்பா. அவருக்கு என்னை மிக நன்றாகத் தெரியும், அதனால் அவருடைய போன் நம்பரில் ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டிருந்தேன். எட்டு வருடங்களில் மூன்று கம்பெனி மாறினேன், ஒருவரும் யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் சிட்னியில் வந்து இறங்கினேன்.

பென்டில் ஹில்லில் சிவபாதம் அங்கிள் வீட்டின் பின்னறை எனக்குக் கிடைத்தது. அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்றவர், வட்டாரத்து மூத்தோர் சங்கத்தின் செயலாளர். அதைவிட முக்கியமாக, அவர் ஒரு நடமாடும் விசாரணை அலுவலகம். டொராண்டோவிலோ லண்டனிலோ யாருக்காவது சிட்னி மாப்பிள்ளை ஒருவனைப் பற்றித் தெரியவேண்டுமென்றால் போன் அவருக்குத்தான் வரும். முன்பெல்லாம் அப்பாமார் கூப்பிடுவார்களாம். இப்போது பெண்களே நேரடியாகக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் கேட்கிறார்கள் என்று சொல்லிப் பெருமைப்படுவார். அவர் சொல்லி நின்ற கல்யாணங்களும் உண்டு. பொய் சொல்லி ஒரு கல்யாணத்தையும் நடத்தியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

பக்கத்து அறையில் பேட்ரிக் இருந்தான். உகாண்டாக்காரன், கம்பாலாவிலிருந்து வந்து ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தான். அவனிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, வெளிநாடு போகிறவன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று கேட்டுக் கேட்டு எழுதி வைத்தது. அவனுடைய அக்கா ஒருத்தி ஏஜென்ட் பேச்சை நம்பி வளைகுடா நாடொன்றுக்குப் போய், பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்து, ஒரு வருடம் கழித்துத்தான் திரும்பினாளாம். அதனால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதே, நகல்களை அம்மாவிடம் வைத்துவிட்டுப் போ என்று அதில் பக்கம் பக்கமாக இருந்தது. நான் அதைப் புரட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். (படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்ற எண்ணம். நான் படித்ததெல்லாம் ஜாவா.)

ஐந்து மாதமாக எனக்கு வேலை கிடைக்கவில்லை. திருச்சியில் சுதா டீச்சர் வேலையை விட்டுவிட்டு, டிக்கெட் எடுத்து, ஐந்து வயது மகளுக்குக் கங்காரு படம் காட்டிக்கொண்டிருந்தாள். அவர்கள் வர இன்னும் ஆறு வாரம். சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கு இங்கே யாரும் வீடு தரமாட்டார்கள். வேலை கிடைக்காவிட்டால் அவர்கள் வர முடியாது. பகலில் பாராமட்டா நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு கம்பெனியில் டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு இன்டர்வியூ. நன்றாகவே போயிற்று. முடிவில் மெலிசா என்ற மனிதவள அதிகாரி, “உங்கள் உள்ளூர் ரெஃபரியை, அதாவது உங்களைத் தெரிந்தவர் என்று நீங்கள் எழுதியிருக்கிறவரை, நாளைக்குக் கூப்பிட்டுப் பேசுகிறேன்,” என்றாள். தாராளமாகப் பேசுங்கள் என்றேன். என் ரெஸ்யூமேயில் உள்ளூர் அனுபவம் என்ற தலைப்பில், மூத்தோர் சங்கத்தின் தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர் என்று போட்டிருந்தேன். சங்கத்தின் போன் பட்டியலை ஒருமுறை கணினியில் ஏற்றிக் கொடுத்ததற்கு நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பதவி அது. மேலதிகாரி, திரு. சிவபாதம். மேலதிகாரிக்கு இது தெரியாது.

அன்று மாலை பேட்ரிக் கேட்டான். “அங்கிளிடம் சொல்லிவிட்டாயா?”

“எதை?”

“நாளைக்கு போன் வரும் என்பதை. நான் என் ரெஃபரிகளுக்கு வேலை விளம்பரத்தையே அனுப்பி வைத்தேன். என்ன கேட்பார்கள் என்றும் சொல்லி வைத்தேன்.”

“அதெல்லாம் சும்மா சம்பிரதாயம்பா,” என்றேன். அவன் நோட்டை எடுத்து எதையோ எழுதினான். என்னைப் பற்றித்தான் எழுதினான் என்பது பின்னால் தெரிந்தது.

மறுநாள் நண்பகலில் நூலகத்தில் இருந்தேன். சுதாவிடமிருந்து அழைப்பு. அங்கே மகளுக்குப் பால் காய்ச்சுகிற நேரம்.

“ஏங்க, மெலிசா யாரு?”

அந்தப் பெயர் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வி எனக்குச் சாதகமாக வேலை செய்யவில்லை.

“சிவபாதம் அங்கிள் இப்பதான் பேசினாரு. சொல்றது என் கடமைன்னு சொன்னாரு. நான் டிக்கெட்டை கேன்சல் பண்ணணுமா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க. பாப்பா ஸ்கூல்ல டிசி வாங்கியாச்சு.”

அவள் குரலை உயர்த்தவில்லை. என் மனைவி கத்தினால் பிழைத்துக்கொள்ளலாம், இப்படிப் பேசினால்தான் ஆபத்து. வீட்டுக்குப் போய்ப் பேசுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன். பாராமட்டாவிலிருந்து பென்டில் ஹில் மூன்றாவது ஸ்டேஷன். அன்றைக்கு அந்த ரயில் நின்று நின்று போனது.

அங்கிள் முன்னறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்தால் நான் சங்கத்துப் பணத்தோடு ஓடிப்போய்த் திரும்பி வந்தவன் மாதிரி இருந்தது.

“உம்மை நல்ல பிள்ளையெண்டெல்லோ நினைச்சனான்,” என்றார்.

“அங்கிள், என்ன நடந்துச்சு?”

“பதினொண்டரை இருக்கும். ஒரு பிள்ளை போன் எடுத்தவ. நல்ல மரியாதையான குரல். பேர் மெலிசாவாம். தான் எங்க வேலை செய்யிறனெண்டும் சொன்னவ. சரவணனை எவ்வளவு காலமாத் தெரியும் எண்டு கேட்டா. அஞ்சு மாசமெண்டன். மற்றவையோட ஒத்துப்போவாரோ எண்டா. ஓம், அமைதியான பெடியன், குடி இல்லை, சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பார் எண்டன்.”

“தேங்க்ஸ் அங்கிள்.”

“பொறும். பிறகு சொன்னா, எங்களுக்கு அவரை நல்லாப் பிடிச்சிருக்கு, நீண்ட காலம் எங்களோட இருப்பாரோ எண்டு. அப்பதான் எனக்கு விஷயம் விளங்கினது. ஒரு பொம்பிளைப்பிள்ளையின்ர வாழ்க்கை. நான் பொய் சொல்லமாட்டன். பிள்ளை, உமக்கு ஆர் என்ன சொன்னவையோ தெரியாது, அவர் கலியாணம் கட்டினவர், ஒரு மகளும் இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்.”

“அதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?”

அங்கிள் கண்ணை மூடிக்கொண்டார். “அது பரவாயில்லையாம். தங்களுக்கு அதால ஒரு பிரச்சினையும் இல்லையாம். போனை வச்சிட்டு, வாடகைக்கு வரேக்க நீர் எழுதித் தந்த நம்பரில உம்மட மனுசிக்கு எடுத்தனான்.”

இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்து வந்த பேட்ரிக் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தமிழ் தெரியாவிட்டாலும் மெலிசா என்ற பெயரும் என் முகமும் அவனுக்குப் போதுமாக இருந்தன. ஆங்கிலத்தில் விவரம் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் அவன்தான் அங்கிளுக்கு எல்லாவற்றையும் விளக்கினான். இந்த நாட்டில் வேலைக்கும் இப்படித்தான் விசாரிப்பார்கள், வேலை கொடுக்கும் முன் கடைசிப் படி இது, நீங்கள்தான் இவனுடைய மேலதிகாரி என்று இவன் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று.

“நான் உம்மட மேலதிகாரியோ?” என்று அங்கிள் என்னைப் பார்த்தார். “அதை ஏன் எனக்கு முன்னமே சொல்லேல்ல?”

அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். கூச்சம்தான் காரணம். வாடகைக்கு இருக்கிறவன் உதவியும் கேட்பதா என்ற வறட்டுக் கௌரவம். அதற்குப் பதிலாக அந்த மனிதரைக் கேட்காமலே அவர் பெயரை எடுத்துப் பயன்படுத்தியிருந்தேன். அன்றைக்கு நான் வெட்கப்பட்டது வேலை போய்விடுமே என்பதற்காக மட்டும் அல்ல.

முதலில் அங்கிள் சுதாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். அடுத்து மெலிசா. “திரும்ப எடுக்கிறன்,” என்றார், “ஆனா உண்மையைத்தான் சொல்லுவன்.”

நானும் பேட்ரிக்கும் சமையலறை வாசலில் நின்றோம். அங்கிள் ஆங்கிலத்தில், தான் வேறு விசாரணை என்று நினைத்துவிட்டதாகவும், தங்கள் சமூகத்தில் வழக்கமாக வரும் விசாரணை எதுவென்றும் விளக்கினார். பிறகு மெலிசா ஏதோ கேட்டாள்.

“இல்லை,” என்றார் அங்கிள், “அவர் எங்களிடம் வேலை செய்யவில்லை. ஒரு பட்டியல் செய்து கொடுத்தார். பெயர்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கினார். போன் நம்பர்கள் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. நாற்பத்து மூன்று பேருக்கும் அடுத்தவரின் நம்பர். துணைவியை இழந்த ஒருவருக்குத் திருமண நாள் வாழ்த்துப் போனது.”

டேட்டா அனலிஸ்ட் வேலை. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பேட்ரிக் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

மெலிசா இன்னொரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அங்கிளின் குரல் கொஞ்சம் இளகியது. “பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னதே அவர்தான். நாங்கள் கேட்க முதல் வந்து தன்னுடைய பிழை என்று சொன்னார். ஒரு நாள் முழுக்க இந்த அறையில் இருந்து நாற்பத்து மூன்று பேருக்கும் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டு, சரியான நம்பரை வாங்கினார். சிலர் ஏசினார்கள். கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பட்டியலைத்தான் இன்றைக்கும் பாவிக்கிறோம்.”

நான் மறக்க விரும்பிய ஒரு நாளை அவர் அவ்வளவு கவனமாக நினைவில் வைத்திருந்தார். என் சொந்தச் சித்தப்பாவின் நம்பரையே மாற்றிப் போட்டவன் நான்.

நான்கு மணிக்கு மெலிசா கூப்பிட்டாள். வேலை எனக்குத்தான் என்றாள். ரெஃபரிகள் எல்லோரும் எல்லோரையும் குறையே இல்லாதவர்கள் என்றுதான் சொல்வார்களாம். ஒரே நாளில் இரண்டு குறைகளைச் சொன்னவர் உங்கள் ஆள் ஒருவர்தான், அதனால் நிறைகளையும் நம்பினேன் என்றாள். என் பதவிப் பெயரை மட்டும் ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள்.

ஆறு வாரத்தில் சுதாவும் மகளும் வந்தார்கள். விமான நிலையத்துக்கு அங்கிளும் வந்திருந்தார். சுதா அவரிடம் முதலில் சொன்னது, “அங்கிள், நல்லா விசாரிச்சீங்க,” என்பதுதான். இன்றுவரை நான் ஆபீசிலிருந்து தாமதமாக வந்தால், மெலிசா சௌக்கியமா என்ற கேள்வி வரும். மகளும் கேட்கிறாள், ஆங்கிலத்தில்.

பேட்ரிக் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பாலாவில் இருப்பவர்களுக்கு வீடியோவில் வகுப்பு எடுக்கிறான். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன் உகாண்டாக்காரர்கள் அறியவேண்டியவை. ஒப்பந்தம், பாஸ்போர்ட், ஏஜென்ட் எல்லாம் முடிந்ததும் நோட்டின் அந்தப் பக்கத்தைத் திருப்புவான்: உன்னைப் பற்றி யார் போனை எடுக்கப்போகிறார் என்று தெரிந்துகொள், அவரிடம் முதலில் நீயே சொல். உதாரணத்துக்கு என்னைத் திரையில் உட்கார வைப்பான். அங்கிளும் பக்கத்தில் உட்காருவார். அங்கே அவருக்கு என்னைவிட மதிப்பு அதிகம். அந்த வகுப்பிலிருந்து வந்த மூன்று பேருக்கு அவர் ரெஃபரியாக இருந்திருக்கிறார். சம்மதிக்கும் முன், கல்யாணம் ஆகிவிட்டதா என்று மூவரையும் கேட்டிருக்கிறார்.

போன வாரம் எங்கள் வீட்டிலிருந்தே வகுப்பு நடந்தது. கதை முடிந்ததும் கம்பாலாவில் ஒரு இளம்பெண் கை தூக்கினாள். நடுவில்தான் சேர்ந்தாளாம். “சார், கடைசியில் அந்த இரண்டாவது கல்யாணம் நடந்ததா இல்லையா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து சுதாவின் குரல் வந்தது.

“இன்னும் விசாரிச்சுட்டு இருக்காங்கன்னு சொல்லுங்க.”