வேலிக்குள் நின்ற தேவதாரு

காக்ஸ் டவுன், பெங்களூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் நீலுக்கு டாடி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில், மம்மியின் முழங்கால் நீங்கலாக, நாங்கள் சுகம். வைட்ஃபீல்டில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

நம் ஆள் ஒருவர் வேலிக்குள் போய்விட்டதாக வனக்காவலர் உனக்குப் போன் செய்ததை அறிவேன். நான் விளக்க வந்தபோதெல்லாம் "டாடி, மீட்டிங்ல இருக்கேன்" என்கிறாய். கடிதத்தின் நடுவில் நீ குறுக்கிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் ஊசியிலைக் காடுகள் பாடம் எடுத்தவன் நான். கரும்பலகையில் ஒரு முக்கோணம், கீழே ஒரு கோடு, அதுதான் மரம். எங்கள் திருமண நாளுக்கென்று நீ டிக்கெட் போட்டுக் கொடுத்த அந்த இமாச்சல மலையில், மம்மி என் தோளைப் பிடிக்க, நான் ஒரு குச்சியைப் பிடிக்க, குதிரைக்காரர்கள் எங்களைப் பரிதாபமாகப் பார்க்க, ஒருவழியாக மேலே போய்ச் சேர்ந்தால் எதிரே முக்கோணம் இல்லை. ஒரு தேவதாரு நிற்கிறது. ஆயிரம் வயதுக்கு மேல் என்று பலகை சொல்கிறது. அடிமரம் நம் வீட்டு ஹாலுக்குள் அடங்காது. நிமிர்ந்து பார்த்ததில் என் தொப்பி பின்னால் விழுந்தது, அப்போதும் நுனி தெரியவில்லை, பாதியிலேயே மேகம் மறைத்துவிட்டது. ஒரு பக்கம் இடி விழுந்து கருகியிருக்கிறது, கருகலை ஒட்டியே இந்த வருஷத்துத் தளிர். விழுந்த தொப்பியை எடுக்கவும் மறந்து அண்ணாந்தபடியே நின்றேன். மம்மி பயந்துபோய், "ஏங்க, மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

வேர் மிதிபடக் கூடாது என்றுதான் சுற்றிலும் கம்பிவேலி. வாத்தியாருக்கு இது தெரியாதா? ஆனால் கால் கேட்கவில்லை, நீல். தாண்டிவிட்டேன். பட்டையில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று, ஈரமாக இருந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் சர்ச்சில் இருக்குமே, அப்படி ஒரு அமைதி. காவலர் ஓடிவந்து சத்தம் போட்டார். என் சிவாஜி நகர் உருதுவில் மன்னிப்புக் கேட்டேன், அவருக்குப் புரியவில்லை. தண்டனையாக ஒரு மணி நேரம் வேலியோரம் என்னையே காவல் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரம் பார்த்து ஷ்ரேயாஸ் என்று நம் பெங்களூர் ஆள் ஒருவர் வந்து, "அங்கிள், ஒளகே ஹோகி ஒந்தே ஒந்து போட்டோ" என்று உள்ளே போய்ப் படம் எடுக்க வேலியில் கை வைத்தார். "பேடப்பா," என்று தடுத்தேன். அவர் நிற்கும் இடத்துக்குக் கீழேயே ஆயிரம் வருஷத்து வேர் ஓடுகிறது என்றேன். அவர் தரையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், ஷூவைக் கழற்றிவிட்டார்.

ஆகவே தப்பு முழுக்க என்னுடையது. மம்மியை ஒன்றும் கேட்காதே. போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக.

அன்புடன்,
டாடி நோயல்

பி.கு.: மம்மி இதைப் படித்துவிட்டு, "பொய்யை எழுதி ஆண்டவர் பேரையும் போட்டுட்டீங்களே" என்கிறாள். வேலியைத் தாண்டியது அவள்தான். அந்த முழங்காலோடு எப்படித் தாண்டினாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. நான் வெளியே நின்று, "சில்லுன்னு இருக்கா மௌரீன், சில்லுன்னு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.