விமானத்தின் இடது காலுக்குள் ஓர் எலுமிச்சம்பழம்

விமானத்தின் காலுக்குள் எலுமிச்சம்பழத்தை வைத்து மூடியவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேறு யாரேனும் இருந்தால் எழுதி அறிவிக்கவும், பதிவில் திருத்திக்கொள்கிறேன். எதையும் பதிந்து வைப்பது எனக்கொரு வியாதி. எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் போத்தலில்கூடத் திகதி எழுதி, கீழே கையொப்பமும் போட்டிருப்பேன். (சிரிக்காதீர்கள். கதைக்கு அது தேவைப்படும்.)

விமானம் ஹாஜியாருடையது. அவருக்கு மாத்தளை நகரில் மிளகு, கராம்பு வியாபாரம், வில்கமுவவில் வயல். ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் களஞ்சியத்தில் துருப்பிடித்துக் கிடந்த இரண்டு இருக்கை விமானத்தை வாங்கி, லொறியில் ஏற்றி வந்து, வயலோரக் கொட்டகையில் வைத்திருந்தார். நான் அரசாங்க அலுவலகத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவன். பழைய விமானங்களைப் பற்றிக் கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் வாசித்திருந்தேன். வாசித்த திமிரில், விமானத்துக்குத் துணி போர்த்தும் வேலையை நானே செய்து தருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

ஹாஜியார் வியாபாரி. மூட்டையை வாங்குமுன் ஒரு கைப்பிடி மிளகை அள்ளிப் பார்க்கிறவர்.

"முதல்ல ரெண்டு காலையும் செஞ்சு காட்டுங்க மாஸ்டர். விமானப் பரிசோதகர் சரின்னு செல்லட்டும், ரெக்கையும் ஒங்களுக்குத்தான். இல்லாட்டி எல்லாத்தையும் லொறியில ஏத்தி கொழும்புக்கு அனுப்பிருவேன்" என்றார்.

எனக்கு இறக்கைகள் வேண்டும். என் வாழ்நாளில் வேறெதையும் அவ்வளவு ஆசைப்பட்டதாக நினைவில்லை. (என் மனைவி வசந்தி இதை வாசிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

விமானத்தின் கால் என்பது சக்கரத்தையும் உடம்பையும் இணைக்கும் இரண்டு இரும்புக் குழாய்கள். மேலே அகன்றிருக்கும், கீழே சக்கரத்தருகே கூடும். பழைய சிறு விமானங்களில் அந்த முக்கோணத்தின் மேல் துணி போர்த்தியிருப்பார்கள். துணியைக் குழாயோடு ஒட்டி, இஸ்திரிப்பெட்டியால் அளவாகச் சூடு காட்டினால் சுருங்கி இறுகும். பிறகு பூச்சின் மேல் பூச்சு. கடைசியில் விரலால் சுண்டினால் தவில் மாதிரிப் பேச வேண்டும்.

வசந்தியின் தம்பி குகன் எனக்குத் துணை. இரத்தோட்டையில் வாகனம் திருத்துகிறவன். ஆணி, சக்கரம், பிரேக் எல்லாம் அவன் பொறுப்பு. துருவைச் சுரண்டுவதும் துணியும் என் பொறுப்பு. துணிக்குள் மறையப்போகும் குழாயை நான் மணல்தாளால் தேய்த்துத் தேய்த்து வெள்ளியாக்கி, துருத் தடுப்புப் பூச்சை மூலைமுடுக்கெல்லாம் சின்னத் தூரிகையால் தடவிக்கொண்டிருந்தபோது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், இதைத் துணி போட்டு மூடத்தானே போறீங்க? உள்ளுக்க யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்திருக்கேன்ல."

"அப்ப உங்களுக்கு மட்டும் ஒரு கால் செஞ்சு வீட்டுல வச்சுக்குங்க."

இடது காலை மூட வேண்டிய வெள்ளிக்கிழமை காலை, வசந்தி சோற்றுப் பொதியோடு மூன்று எலுமிச்சம்பழங்களையும் நீட்டினாள். ஏற்கனவே அவளுடைய இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுபோய்விட்டிருந்ததால் நான் குரலை உயர்த்தும் நிலையில் இல்லை.

"ஏங்க, மொத மொத ஓட்டுற அன்னைக்கு சக்கரத்துக்குக் கீழ வச்சு நசுக்கிருங்க. நம்ம வேனுக்குச் செஞ்ச மாதிரி."

"பரிசோதகர் முன்னாலயா? நாலு புஸ்தகம் படிச்ச மனுசன்னு என்னையப் பத்தி நெனச்சுக்கிட்டு இருக்காரு."

"அவரு நெனப்புக்கு ஒண்ணும் ஆகாது. சக்கரத்துக்குத்தான் ஏதும் ஆயிரும்."

பஸ்ஸில் போகும்போது யோசித்தேன். பழம் வைக்காவிட்டால் எனக்கே பயம். வைத்தால் வெட்கம். நான் நம்புகிறவனா நம்பாதவனா என்பதை வில்கமுவ போய்ச் சேரும்வரை முடிவுசெய்ய முடியவில்லை. கொட்டகையில் குகன் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி தோன்றியது. பழமொன்றை வெட்டுத் துணியில் பொட்டலமாகக் கட்டி, குழாய்கள் கூடும் மூலையில் இறுக்கிச் செருகினேன். துணியை ஒட்டி மூடினேன். சாங்கியமும் ஆயிற்று, மானமும் தப்பியது. அன்று முழுவதும் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

பச்சைப் பழம், ஓட்டுக்குள் சாதிக்காய் மாதிரி இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. காய்ந்தால் சுருங்கும் என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை. முற்றத்துக்கு முற்றம் பாயில் மிளகு காயும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். காய்ந்தால் என்ன ஆகும் என்பது மாத்தளைக் குழந்தைக்கும் தெரியும்.

பூச்சுகள் காய்ந்து, மஞ்சள் நிறமடித்து, தை மழையும் ஓய்ந்த பிறகு பரிசோதகர் வந்தார். சிங்களவர், அதிகம் பேசாதவர். இடது காலைச் சுண்டினார், தவில் பேசியது. துணியின் ஓரத்தை விரலால் தடவினார், புருவம் உயர்ந்தது. நான் மனதுக்குள் இறக்கைக்குத் துணி வெட்டத் தொடங்கிவிட்டேன்.

"வெளியே தள்ளுங்கள்" என்றார்.

ஹாஜியார், குகன், நான் மூவரும் தள்ளினோம். கொட்டகை வாசல் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கியது.

டொப்.

பரிசோதகர் கையைத் தூக்கினார். மறுபடி தள்ளச் சொன்னார். டொப். நான் அவ்வளவு பாடுபட்டு இழுத்துக் கட்டிய தவில் என்னையே காட்டிக்கொடுத்தது.

"உள்ளே ஏதோ கழன்று கிடக்கிறது" என்றார் சிங்களத்தில்.

ஹாஜியார் குகன் பக்கம் திரும்பினார். "தம்பி, ஆணியெல்லாம் இறுக்கினது நீங்கதானே?"

"அல்லா மேல... இல்ல, முருகன் மேல சத்தியமா இறுக்கினேன் ஹாஜியார்." பதற்றத்தில் பாவம், யார் சாமி என்று பார்க்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். உண்மை வரவில்லை. வெயிலில் துணி விரியும்போது இப்படிச் சத்தம் வருவதுண்டு என்றேன். வண்டு புகுந்திருக்கலாம் என்றேன். பரிசோதகர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்னவென்று தெரியும்வரை நான் ஒப்பமிட மாட்டேன்" என்றார். குகன் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபின் எனக்கு வண்டு பற்றிப் பேச மனம் வரவில்லை.

"ஆணி இல்ல. நான் ஒண்ணு வச்சேன்" என்று சொல்லி, பிளேடை எடுத்து நானே வெட்டினேன். அந்தத் துணி கிழிந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

குகன் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தான். கொட்டைப்பாக்குப் போல, கறுத்து இறுகிய உருண்டை. துணியைத் திருப்பிப் பார்த்தவன், உரக்க வாசித்தான். திகதி, கிழமை, என் கையொப்பம்.

"கையெழுத்தும் போட்டு வச்சிருக்கீங்களே மச்சான்" என்றான். "பேங்குலயா போட்டீங்க?"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பரிசோதகர் சிரிக்கவில்லை. உருண்டையை வாங்கி முகர்ந்தார்.

"எலுமிச்சை. எங்கள் ஜீப்பை எடுத்த அன்றும் வைத்தோம். ஆனால் சக்கரத்துக்குக் கீழேதான் வைத்தோம்."

அவரும் வைத்தாராம். (வெட்கப்பட்டது முழுக்க வீண்.) பிறகு அவர் முகம் மாறியது. "இதன் புளிப்பு இரும்பைத் தின்னும். உள்ளே துரு பிடித்திருந்தால் இந்தக் கால் உதவாது. இறக்கைப் பேச்சும் வேண்டாம்."

டோர்ச்சையும் சிறிய கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு புல்லில் படுத்தார். வெட்டிய ஓட்டை வழியாக மூலையைப் பார்த்தார், குழாய் நெடுகப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். நாங்கள் மூவரும் அவருடைய சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "உள்ளே பூசியது யார்?"

"நான்" என்றேன், அதற்கும் சேர்த்துத் திட்டு வாங்கத் தயாராக.

"சாறு பட்ட கறைதான் இருக்கிறது. பூச்சு கொஞ்சமும் பெயரவில்லை. வெளியே அழகாகச் செய்கிற பலரைப் பார்த்திருக்கிறேன். மூடப்போகிற இடத்தை இப்படிச் செய்தவர்களை நான் பார்த்ததில்லை. வெட்டியிராவிட்டால் இதையும் பார்த்திருக்க மாட்டேன்." ஹாஜியார் பக்கம் திரும்பினார். "ஓட்டையை ஒட்டட்டும். வந்து ஒப்பமிடுகிறேன். இறக்கையை ஏன் கொழும்புக்கு அனுப்ப வேண்டும்?"

"யாரு பாக்கப் போறான்னு நான்தான் கேட்டேன் சேர்" என்றான் குகன் பெருமையாக, ஏதோ வேலையில் பாதி அவனுடையது போல.

ஒட்டுப் போட்டேன். ஓரத்தைப் பல்லுப்பல்லாக வெட்டி, மேலே பூசி, மஞ்சளடித்து. எங்கே என்று காட்டினால் ஒழிய யாருக்கும் தெரியாது. நான் எல்லோருக்கும் காட்டுகிறேன். முதல் ஓட்டத்தன்று வசந்தி வந்து, எல்லோரும் பார்க்க, வாலடிச் சின்னச் சக்கரத்தோடு சேர்த்து மூன்று சக்கரங்களின் கீழும் பழம் வைத்தாள். நேராக வைக்கச் சொல்லிப் பரிசோதகரே குனிந்து காட்டினார். அந்த விமானம் இன்று வில்கமுவ வயல்களுக்கு மேலே பறக்கிறது. அதன் கால்களும் இறக்கைகளும் நான் போர்த்தியவை. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்வது எனக்கே கேட்கிறது.

ஆனால் வீட்டில் அந்தக் குரலுக்கு மதிப்பில்லை. எதையாவது மூடி ஒட்டும்போதெல்லாம் என்னைத் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். போன மாதம் குகனின் மகளுடைய கலியாணத்துக்குப் பரிசுப் பெட்டி கட்டினோம். கடைசி மடிப்பை ஒட்டுமுன் குகன் வந்து, "மச்சான், கையைத் தூக்குங்க" என்றான். தூக்கினேன். முந்திய காலத்துச் சோதனைச்சாவடியில் நிற்பது போல நின்றேன். சட்டைப்பை, காற்சட்டைப்பை எல்லாம் தட்டிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. அப்புறமும் அவனுக்குத் திருப்தி இல்லை. என் பேனாவைப் பிடுங்கித் தன் காதில் செருகிக்கொண்டு, வசந்தி பக்கம் திரும்பி, "இப்ப ஒட்டுங்கக்கா" என்றான்.