அல்லிக்குக் கட்டிய கூண்டு

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. எங்கள் அலுவலகக் கணக்காளர், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டு, சாப்பிட மறந்து சொன்னது.

அவர் வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் தொட்டிக் குளம் ஒன்று. அதில் அல்லிச் செடி அவருடையது, தங்கமீன்கள் மனைவியுடையவை. அல்லி துளிர் விடும், மீன் தின்னும். மறுபடி விடும், மறுபடி தின்னும். ஒரு பூவாவது பார்க்காமல் விடுவதில்லை என்று அவர் சபதமே எடுத்துவிட்டார்.

“உன் மீனுக்கு இருக்கிறது வயிறா, கிணறா?”

“பசிச்சா தின்னும். நீங்க மட்டும் என்னவாம்?”

“செடியைச் சுத்திக் கூண்டு கட்டுறேன் பாரு.”

“நீங்களா? ஒரு ஆணி நேரா அடிச்சதுண்டா?”

“பந்தயம். அல்லி பூத்துட்டா மீனெல்லாம் பக்கத்து வீட்டுக்கு.”

“கூண்டுக்குள்ளயே மீன் தின்னுட்டா?”

“குளமே உனக்கு. அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்.”

“அப்போ இன்னிக்கே கட்டுங்க. பரண்ல வலை கிடக்கு.”

கட்டினார். விரலெல்லாம் கீறல். பெரிய மீன்கள் வலையில் மூக்கை இடித்துத் திரும்பின. இவர் மீசையை முறுக்கினார்.

சில வாரம் கழித்து ஒரு காலை, இலை ஓரமெல்லாம் கொறித்திருந்தது. கூண்டில் ஓட்டை இல்லை. குனிந்து பார்த்தார். உள்ளே நகத்துணுக்கு அளவில் எண்ண முடியாத குஞ்சுகள். வெயில் பட்டதும் எல்லாம் ஒன்றாகத் திரும்பின.

“கோபமே வரலை தம்பி. கையெடுத்துக் கும்பிடத் தோணுச்சு.”

பின்னால் மனைவி.

“இலைக்கு அடியிலதாங்க முட்டை ஒட்டி வைக்கும். நீங்க கூண்டு கட்டின அன்னிக்கும் வச்சிருந்துச்சு. பெரிய மீனுங்களே அதை முழுங்கிடும். ஒரு கூண்டு கட்டித் தாங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்?”

“எப்போ கேட்ட?”

“நீங்க பேப்பர் படிக்கும்போதெல்லாம்.”

சரிபார்க்காமல் எழுத எனக்குப் பயம். அவர் வீட்டுத் தெருமுனையில் இருக்கும் வளர்ப்பு மீன் கடைக்குப் போய், தங்கமீன் தன் முட்டையையே தின்னுமா என்று கேட்டேன்.

“தின்னும் சார். ஒரு அம்மாகூட இதையேதான் கேட்டாங்க. குஞ்சு வெளிய போகாத வலையா பார்த்து வாங்கினாங்க. கூண்டு கட்ட ஆள் அனுப்பவான்னேன். வேணாம், வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கோபம் வந்தா போதும்னாங்க.”